தூரம் பிரிக்கும்வரை

“சாவு உங்களைப் பிரிக்கும்வரை...” என்று கல்யாண ஜோடியிடம் சொல்லிவிட்டு மிங்கோ மாமா வாயை இறுக்க மூடிக்கொள்வார். “இல்லாட்டி தூரம்” என்ற மிச்சத்தை விழுங்கிய பிறகுதான் அடுத்த வார்த்தை வரும். என் தங்கை கல்யாணத்தில் விழுங்க மறந்துவிட்டார். மாப்பிள்ளை முறைத்தான். “பழைய வாய்டா, கோச்சுக்காதே” என்றார்.

பழைய வாய்தான். அடிமைக் காலத்தில் எங்கள் தோட்டத்துக் கல்யாணங்களை நடத்தியவர் அவர். சாவோ தூரமோ பிரிக்கும்வரை என்று சொல்லச் சொன்னது முதலாளி. யாரை எப்போது விற்பார் என்று அவருக்கே தெரியாதே! கடவுள் சேர்த்ததை மனிதன் பிரிக்கக் கூடாது என்று வாய்தவறிச் சொன்னாலும் சவுக்கடி. கோர்ட்டிலோ அவை கல்யாணங்களே அல்ல. உடைமைப் பொருள் எப்படி ஒப்பந்தம் செய்யும் என்று கேட்பார்கள், படித்தவர்கள்தான்.

மாமாவுக்குப் பைன் காட்டில் வேலை. மரத்தைக் கீறி, வடிகிற பிசினை வாளியில் அள்ள வேண்டும். பன்றிக்கொழுப்பு போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கை சுத்தமாகாது. ஜோடியின் கைகளைச் சேர்த்துப் பிடிப்பார். மூன்று பேர் கையும் ஒட்டிக்கொள்ளும். மணப்பெண்கள், “ஐயே மாமா!” என்று நெளிவார்கள்.

“நான் சேத்து வெச்சா பிரியாது கண்ணு, அதான்” என்று சிரிப்பார்.

அவருடைய சொந்தக் கல்யாணம்தான் பிரிந்துபோனது. மனைவி ஜெருஷாவைத் தூரத்து அலபாமாவுக்கு விற்றார்கள். முதலாளி இன்னொருத்தியைக் காட்டி, இவளோடு இரு என்றபோது மாமா மறுத்து அடி வாங்கினார். முதுகில் தழும்பு இருக்கிறது.

போன குளிர்காலத்தில், இனி அமெரிக்காவில் அடிமை இல்லை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். பின்னாலேயே எங்கள் வட கரோலினாவில் இன்னொரு சட்டம்: சேர்ந்து வாழ்கிறவர்கள் கோர்ட்டில் போய்ச் சொன்னால் கணவன் மனைவி. முதல் ஆளாகப் போய் நின்றவர் மாமா.

“பொண்டாட்டி எங்கேடா?” என்றான் குமாஸ்தா.

“வந்துடுவாங்க ஐயா.”

“கூட இருக்கறவங்களுக்குத்தான் சட்டம். போடா.”

விற்றது அவர்கள். கூட இல்லாதது இவர் குற்றமாம். மாமா தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கோடை முடிகிற சமயத்தில் ஜெருஷா வந்தாள், நடந்தே. கூட டைட்டஸ் என்று ஒரு ஆள். அலபாமா முதலாளி அவளோடு சேர்த்துவைத்தவன். அவள் இடுப்பில் அவர்கள் குழந்தை. மாமா சோள ரொட்டி சுட்டு அவர்களைச் சாப்பிட வைத்தார். டைட்டஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“நீ உசுரோட இருக்கியான்னு தெரியாம கோர்ட்டுல இவரு பேரோட என் பேரை எழுத மனசு வரல மிங்கோ” என்றாள் அவள். “நீ வேணாம்னா எழுதல. இங்கேயே இருந்துடறேன்.”

மாமா குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டப்படி தகப்பன் இல்லாத எங்கள் பிள்ளைகளைத் தொழில் பழக்குவதாகச் சொல்லிப் பழைய முதலாளிகளே பிடித்துக்கொண்டு போகிறார்கள், கோர்ட் உத்தரவோடு. அடிமைத்தனத்துக்கு இப்போது அப்படி ஒரு பெயர்.

“நம்ம கல்யாணத்துக்கும் நான்தானே வாசகம் சொன்னேன்” என்றார் மாமா. “சாவோ தூரமோன்னு. சாவு வரல. தூரம் வந்துடுச்சு. நீ எழுதிக்கோ.”

“நீயே நடத்தி வெப்பியா?”

“வேற யாரு இருக்கா இங்கே?”

ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் கூடினோம். யாரும் பாடவில்லை. “சாவு உங்களைப் பிரிக்கும்வரை” என்றார் மாமா. இந்தமுறை விழுங்க அவருக்கு எதுவும் இருக்கவில்லை. டைட்டஸின் கையில் ஜெருஷாவின் கையை வைத்துத் தன் கையால் மூடினார். டைட்டஸ் கையை எடுத்துக்கொண்டு, என் தங்கையிடமிருந்த குழந்தையை வாங்கப் போனான். அவள் விரல்கள் மட்டும் மாமாவின் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் இழுக்கவில்லை. மாமா குனிந்து, தோல் வலிக்காமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டார்.