பாய்ந்து வந்தால் நூறு

செல்போனைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் போக வேண்டுமே என்று திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியிலிருந்த கேம் சென்டருக்குள் நுழைந்தேன். விண்கலங்களைச் சுடும் பழைய மெஷின் முன்னால், ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா ஆடிக்கொண்டிருந்தார். கறுப்பு புர்கா, தடித்த கண்ணாடி, காலடியில் புளிப் பை. சுற்றுக்குச் சுற்று உள்ளங்கையை புர்காவில் துடைத்துக்கொண்டார்.

திரையின் மேலே எதிரிக் கலங்கள் வரிசையாக நின்றன. அவர் சுடவில்லை.

"சும்மா நிக்கிறதை ஏம்மா சுடல?"

"நிக்கயில சுட்டா அம்பது பாயிண்ட்தான் தம்பி. நம்ம மேல பாஞ்சு வாரப்ப சுட்டா நூறு," என்றார் திரும்பாமல்.

அவர் பக்கம் மிஞ்சியது ஒரே கலம்; அதுவும் போனால் ஆட்டம் முடிந்தது. ஐம்பது எடுத்தால், திரையின் மூலையில் காட்டிய பழைய முதலிடப் பாயிண்டுக்குச் சமம். நூறு எடுத்தால் அதைத் தாண்டலாம். சிவப்புக் கலம் ஒன்று வளைந்து இறங்கியது.

"சுடுங்கம்மா," என்றேன், பொறுக்க முடியாமல்.

"செத்த இருங்க."

மூக்கை உரசும் தூரத்தில் சுட்டார். நூறு. அடுத்தது மோதி ஆட்டம் முடிந்தது. மூன்று எழுத்தில் பெயர் கேட்டது மெஷின்.

"உங்க பேரு என்ன தம்பி?"

சொன்னேன். அதையே போட்டார்.

"உங்க பேரைப் போடலியா?"

"எம்பேருதான் கீழ பூராம் கெடக்கே," என்று பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

பார்த்தேன். எனக்குக் கீழே ஒன்பது இடத்திலும் ஒரே மூன்று எழுத்துகள்.

அந்தப் பக்கம் போனால் இப்போதும் மாடியேறிப் பார்க்கிறேன். ஒரு பாயிண்ட்கூட எடுக்காத நான்தான் முதலிடம். அவர் அப்புறம் வரவேயில்லையா, எனக்கு விட்டுக்கொடுத்து ஆடுகிறாரா, தெரியவில்லை.