கடைசிப் பெட்டியின் பெருக்கல் குறி

இன்று திண்டிவனம் சந்தையில், மண்ணும் கடலையுமாகப் பிடுங்கிய மல்லாட்டைச் செடிக் கட்டின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும், விழுப்புரம் போகிற ரயில் பாதையை எங்கள் ஊர்க்காரர்கள் கடந்துகொண்டிருந்த அந்த இடத்திலேயே மனசால் போய் நின்றுவிட்டேன். அங்கே ரயில்வே கேட்டும் இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. ஜல்லியின் சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும், இருபுறமும் கரும்புத் தோகை உரசிக்கொண்டே இருக்கும், தலைச்சுமையால் கழுத்தைத் திருப்ப முடியாத பெண்கள் வரிசையாக நிற்பார்கள், ரயிலின் கடைசிப் பெட்டியில் வரைந்திருக்கும் பெரிய பெருக்கல் குறி தாண்டியதும் கத்திச் சொல்வது தினமும் என் வேலை. அது போய்விட்டால் நெடுநேரம் வேறு ரயில் கிடையாது. ஒற்றைப் பாதையில் அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

பக்கத்தில் இரண்டாவது பாதை போட்டார்கள். கணக்கை மட்டும் யாரும் மாற்றவில்லை.

"பெருக்கல் போயிடுச்சா பாப்பா? ஜல்தி சொல்லு, கட்டு அழுத்திக்கினே இருக்கு" என்றாள் அன்று மல்லாட்டைக் கட்டோடு நின்ற என் அக்கா.

"போயிடுச்சிக்கா, வா!"

போன ரயிலின் இரைச்சலில், அடுத்த பாதையில் எதிரே வந்த ரயில் எனக்குக் கேட்கவில்லை.

இப்போது அங்கே சுவர் எழுப்பி, அடியில் சுரங்கப்பாதை வெட்டிவிட்டார்கள். அக்கா பார்க்காமல் கடந்தாள் என்றுதான் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். என்னிடம் கேட்ட பிறகுதான் அவள் காலை எடுத்து வைத்தாள்.