ராசம்மாள் கொடுத்த கன்று

திருக்காட்டுப்பள்ளிக்கு மேற்கே, காவிரிக் கரையோரம் ராசம்மாளுக்கு மூன்று மா நிலம். இருபது வருடம் பிறர் வயலில் நாற்று நட்டவள், பிறகு சொந்தமாக வாங்கிய அந்த இடத்தில் பூவன் வாழை வைத்தாள். அவள் தோட்டத்துக் கன்றுகளுக்குத் தனி மதிப்பு. தாய்மரத்தைச் சுற்றி வந்து, இலையும் தண்டும் பார்த்து, மனசுக்குத் திருப்தியானால்தான் கன்றைப் பெயர்த்துக் கொடுப்பாள்.

ஆடியில் கன்று வாங்கிப்போன அமிர்தலிங்கம் ஐப்பசியில் வந்தார். கையில் பிடுங்கிய செடி ஒன்று. இலைகள் விரியாமல், குட்டையாக, உச்சியில் கொத்தாக நெருக்கிக்கொண்டிருந்தன.

"ஒண்ணு ரெண்டு இல்ல ராசம்மா. பாதிக் கொல்லை இப்படித்தான் நிக்குது. இது தார் விடாதுங்கறாங்க."

"என் கொல்லையில ஒரு மரத்துக்கும் இது இல்லையேண்ணே. நீங்களே வந்து பாருங்க."

அவர் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். எல்லா மரமும் கொழுகொழுவென்று நின்றன. கோபமாக வந்தவர் அந்தச் செடியைத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்.

மறுவாரம் தோட்டக்கலை அலுவலர் மாதங்கி வந்தாள். ராசம்மாளின் பத்து மரங்களில் வேரும் கிழங்கும் வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஏழு மரங்களில் வைரஸ்.

"முடிக்கொத்து நோய்ம்மா. கிழங்குல இருக்கு, வேர்ல இருக்கு. மரம் இன்னும் வெளியில காட்டல. அதுலேர்ந்து எடுத்த கன்னுல காட்டிடுச்சு."

"மருந்து என்னங்க?"

"இல்லம்மா. கிழங்கோட தோண்டி அழிக்கணும். விட்டா அசுவினிப் பூச்சி பக்கத்துக் கொல்லைக்கும் பரப்பிடும்."

அன்று சாயங்காலம் வரை ராசம்மாள் மரங்களுக்கு நடுவில் நின்றாள். எது கெட்டது, எது நல்லது என்று அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் எதைப் பார்த்துக் கொடுத்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மறுநாள், இரண்டு வருடத்தில் தன்னிடம் கன்று வாங்கிய பதினொரு பேரையும் தேடிக் கிளம்பினாள். சிலர் திட்டினார்கள். ஒருவர், "மரம் நல்லாத்தானே இருக்கு, நீங்க போங்க" என்றார். அவள் அவர் வாசலிலேயே உட்கார்ந்து கெஞ்சினாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியாக ரெத்தினம். போன வருடமே வாங்கியவர்.

"அதோட அடியில முளைச்ச கன்னையெல்லாம் போன மாசமே லாரியில ஏத்திவிட்டுட்டேனேக்கா."

"எந்த ஊருக்கு?"

"தெரியாது. யாவாரிதான் வந்து எடுத்துட்டுப் போனான். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான்."

அவள் அவர் போனை வாங்கி மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள்.

வீடு திரும்பி, தார் முற்றாதவை உட்பட எல்லா மரங்களையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துக் கிழங்கைத் தோண்டினாள். மூன்றாம் நாள் அமிர்தலிங்கம் கடப்பாரையோடு வந்தார். எல்லாம் முடிய ஒன்பது நாள் ஆனது.

"அந்த லாரி எங்க போச்சுன்னு யார்கிட்டண்ணே கேக்கறது?" என்றாள்.

அவர் கடப்பாரையில் ஒட்டிய மண்ணை வாய்க்காலில் கழுவினார்.

தையில் அந்த நிலத்தில் உளுந்து விதைத்தாள். வாழை வைக்கவில்லை. வேலையில்லாத நாளில் பஸ் ஏறி, தெரியாத ஊர்களில் வாழைத் தோட்டம் கண்ட இடத்தில் இறங்கி, "கன்னு எங்கேர்ந்து வாங்குனீங்க?" என்று கேட்கிறாள். பெரும்பாலும் அவளைக் கன்று வாங்க வந்தவள் என்று நினைத்து விலை சொல்கிறார்கள்.