பாலைவனத்தில் பனி இருந்ததை நான் சொல்லவில்லை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஜனவரியில் தொடங்கியது. லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் நாங்கள் இருக்கிறோம். நானும் என் சிநேகிதியும் பக்கத்திலே பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவர்கள். ஒரே ஷிப்ட், ஒரே பஸ், ஞாயிற்றுக்கிழமை ஒரே பூசை. அவளை விட்டால் எனக்கு நெருக்கமான ஆட்கள் கிடையாது.

அந்த ஏப்ரலில் அவளுக்கு ஐம்பது வயது. அமெரிக்காவில் பாலைவனத்துக்கு நடுவே, பூமி பிளந்ததுபோல ஒரு பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. தேசியப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். பிறந்தநாள் அன்று விடியும்போது அதன் விளிம்பில் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து ஒரு விடுமுறைக்கும் எங்கும் போகாதவள். முதலில் என்னைத்தான் கேட்டாள்.

"எனக்கு ஏலாது, பிளேன் எண்டாலே நெஞ்சு பதறும்," என்றேன்.

எங்கள் ஊர் ஆட்கள் முதல்தரம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். இரண்டாம் தரம் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் புதிதாக வந்திருந்த தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியைக் கேட்டாள். கம்ப்யூட்டர் வேலை, எங்களைவிடப் பத்து வயது இளையவள். அவள் உடனே சரி என்றுவிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய, என் சிநேகிதியின் சமையலறையில் திட்டம் போடுவார்கள். நானும் போவேன். போகாமல் வீட்டில் இருந்தால் இன்னும் எரியும். அந்தப் பெண் லேப்டாப்பில் வரைபடத்தைக் காட்ட, என் சிநேகிதி அவளுடைய தோளில் நாடியை ஊன்றிச் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். என் தோளில் அவள் ஒருநாளும் அப்படிச் சாய்ந்ததாக ஞாபகம் இல்லை. நான் ரோல்ஸ் பொரித்தபடி, வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் கதை, தேள் கதை எல்லாம் எடுத்துவிட்டேன்.

"அக்கா, நீங்க சொல்றதக் கேட்டா பக்கத்துக் கடைக்கே போக முடியாது போல," என்றாள் அந்தப் பெண். இருவரும் சிரித்தார்கள். சிரித்ததைவிட, சேர்ந்து சிரித்ததுதான் எனக்குச் சுட்டது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் பயந்த ஆளுக்குத் தேடுகிற வேலை ஓயாது. அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிய வீடியோக்களை வீட்டில் ஒளித்திருந்து ஒன்றுவிடாமல் பார்த்தேன். அப்படித்தான் தெரிந்தது. அவர்கள் அறை எடுத்திருந்தது பள்ளத்தாக்கின் வடக்குக் கரைப் பக்கம். அந்தக் கரை நல்ல உயரம். பாலைவனம் என்றாலும் அங்கே பனி கொட்டும். மே மாத நடுப்பகுதி வரை பாதையை மூடிவைத்திருப்பார்கள். தெற்குக் கரை எப்போதும் திறந்திருக்கும். பார்த்தால் கிட்டத்தான் தெரியும், ஆனால் சுற்றிப் போக ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். கட்டின காசை இழக்காமல் அறையை மாற்றுவதென்றால் பெப்ரவரி முடிவதற்குள் மாற்ற வேண்டும்.

நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. பூட்டிய பாதைக்கு முன்னால் அந்தக் கெட்டிக்காரி முழித்துக்கொண்டு நிற்பதை நினைக்க உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பக்கத்தில் என் சிநேகிதியும் நிற்பாள் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். மூன்று கிழமை போனது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், வேலை முடிந்து மத்தியானம் பஸ்ஸுக்கு நின்றோம். பயணத்துக்கென்று அவள் ஒரு அகலத் தொப்பி வாங்கியிருந்தாள். அதை என் தலையில் வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சை பார், உனக்குத்தான் வடிவாயிருக்கு."

"பிறகேன் என்னை இன்னொருக்காக் கேக்கேல்லை?" என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் என்னைப் புதினமாகப் பார்த்தாள். "கேட்டால் நீ ஓமெண்டுவாய். பிறகு போற நாள் வரைக்கும் நித்திரை கொள்ளமாட்டாய். எனக்குத் தெரியாதே உன்னை? உன்னை வருத்தி எனக்கென்ன பிறந்தநாள்?"

தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். "நீங்கள் போற பக்கம் பூட்டு. ஸ்நோவாம். மே மாதந்தான் திறப்பினம்."

"ஆர் சொன்னது?"

"வீடியோவில பாத்தனான்."

"எப்ப?"

"மூண்டு கிழமையாச்சு."

எங்கள் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அது போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"எரிச்சல்தானே?" என்றாள்.

"ஓம்," என்றேன்.

அவள் போனை எடுத்து அந்தப் பெண்ணை அழைத்தாள். இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"பிள்ளை, நாங்கள் ரூம் போட்ட பக்கம் ஏப்ரல்ல பூட்டாம். ஓம், ஸ்நோவாம். இவள்தான் கண்டுபிடிச்சவள். நேற்றுத்தான் கண்டவளாம், இண்டைக்கு ஓடிவந்து சொல்லுறாள்."

"ஐயோ, நான் அதப் பாக்கவே இல்லையே. அக்காகிட்ட போனக் குடுங்க," என்ற குரல் எனக்கும் கேட்டது. திரும்பத் திரும்ப நன்றி சொன்னாள் அந்தப் பெண். நான் போனைச் சிநேகிதியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றைக்கே அறையைத் தெற்குக் கரைக்கு மாற்றினார்கள். ஏப்ரலில் போய், அவள் ஆசைப்பட்டபடியே பிறந்தநாள் விடியலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தப் பெண்ணைக் கண்டால் எனக்கு இப்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, இல்லையென்றால் பொய். அவளோ நான் அந்தப் பயணத்தைக் காப்பாற்றிய கதையைக் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். அந்த நேரத்தில் என் சிநேகிதி கோப்பைகளைக் கழுவவென்று எழுந்து போய்விடுவாள். என் மூன்று கிழமையை 'நேற்று' என்று சொல்லி மறைத்தவளுக்கு முன்னால், அதன் பிறகு எதையும் ஒரு நாள்கூட ஒளித்துவைக்க எனக்கு மனம் வந்ததில்லை.