மரத்தில் ஏறிய மசக்கை

பிலிப்பைன்ஸின் குயிமராஸ் தீவில் தடுக்கி விழுந்தால் மாமரத்தடியில்தான் விழ வேண்டும். அந்த ஊரில் பிறந்துவிட்டு மாம்பழ வாசனைப் புகைக்கு ஒருத்தி ஏங்கினால் அவளை என்னவென்று சொல்ல! ரோசெலின் அப்படித்தான். ஏழு மாத வயிறு. சட்டைப் பையில் எந்நேரமும் வேப், பேட்டரியில் வாசனைப் புகை விடும் குழல்.

யாரும் வாய் திறக்க முடியாது. மசக்கைக்காரி கேட்டதை மறுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது தீவின் சட்டம். மாமியாரே முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டாள். ஊருக்கெல்லாம் மானாங், அதாவது மூத்தக்கா, ஆன மருத்துவச்சி டெல்பினா கேட்டபோதும், "சிகரெட்டத் தொட்டதே இல்ல மானாங்" என்று ரோசெலின் சொல்லியிருந்தாள். அவள் கணக்கில் அது பொய்யில்லை. வேப் சிகரெட்டா என்ன?

அன்று பரிசோதனைக்குக் குனிந்தபோது வேப் நழுவி டெல்பினாவின் காலடியில் விழுந்தது.

"என்னடி இது?"

"மாம்பழ வாசனை, மானாங். மசக்கைக்கு."

"மண்ணாங்கட்டி! இதுலயும் அதே நிக்கோட்டின்தான். வாசனை உனக்கு, விஷம் பிள்ளைக்கு. எடை ஏறவே இல்ல பாரு!"

ரோசெலினுக்குப் பகீரென்றது. வழியெல்லாம் அழுதாள், அழுதுகொண்டே இரண்டு இழுப்பும் இழுத்தாள். மனசு விட்டாலும் கை விட வேண்டுமே, பாவம்!

வீட்டில் கணவன் நோனிட்டோ உண்ட மயக்கத்தில் தரையில் மல்லாந்து கிடந்தான். தூங்கும் புருஷனைத் தாண்டினால் மசக்கை அவனுக்குப் போய்விடும் என்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒருவழியாகத் தாண்டினாள்.

அவன் கண் விழித்தான். "என்ன கூத்து இது?"

"என் மசக்கைய உனக்குக் குடுத்துட்டேன். பிள்ளைக்கு ஆகாதாம்யா. என்னால விட முடியல."

நோனிட்டோ எழுந்து உட்கார்ந்தான். பிறகு கையை நீட்டினான்.

"அப்ப எனக்கு இப்பவே வேப் வேணும். மசக்கைய மறுக்கக் கூடாது, தெரியுமில்ல?"

வசமாக மாட்டிக்கொண்டாள், கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. மரத்து மாங்காய்க்குப் பூச்சி அண்டாமல் காகிதப் பை கட்டுவதுதான் அவன் பிழைப்பு. வேப்பையும் தன் சிகரெட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோப்புக்கு ஓடினான். அவள் தாங்கித் தாங்கி நடந்து வருவதற்குள் மரத்திலிருந்து வெறுங்கையோடு இறங்கியே விட்டான். மேலே நூற்றுக்கணக்கான பைகள், எல்லாம் ஒரே மாதிரி.

மறுநாள் அவள் பேயாட்டம் ஆடினாள். தட்டு பறந்தது. சிகரெட் இல்லாமல் அவனும் கடுகடுத்தான். மாலையில் மரத்தடியில் நின்று கத்தினாள்.

"எந்தப் பையில கட்டினே? இறக்கு!"

"எனக்கே மறந்துபோச்சு. பழுக்கட்டும், பறிச்சுத் தர்றேன்!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்ட, அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பழுக்கவே வேணாம்யா" என்றாள்.