கண்ணைக் குத்தாத அம்மன்

ஊர் அம்மனின் பெயரை வைத்ததற்காக வேம்புலியம்மாள் பள்ளியில் பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. கோவில்பதாகை கிராமத்தில் நடவு நட்டுப் பிழைத்த குடும்பம். வளர்ந்த பிறகு அந்தப் பெயரே அவளுக்குச் சோறு போட்டது. அம்பத்தூரில் பிள்ளைகளுக்குப் பக்தி கார்ட்டூன் எடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் அம்மனை வரைகிறவள் அவள்தான்.

அவள் வரையும் அம்மனுக்குக் கோரைப்பல் கிடையாது. சூலம் உண்டு, அதை வைத்து மாங்காய் பறிப்பாள். கண்கள் மட்டும் முகத்தில் பாதி இருக்கும். இருட்டுக்கும் இடிக்கும் தெருநாய்க்கும் நடுங்குகிற பிள்ளைகளிடம், "நான் முழிச்சிருக்கேன், நீ தூங்கு" என்பாள் அந்த அம்மன். அதைக் கேட்டுத் தூங்கிப்போன பிள்ளைகள் பூந்தமல்லி வரைக்கும் உண்டு. வேம்புலிக்கு அதில் பெருமை, கர்வம் என்றே சொல்லலாம்.

அவள் மகள் அருள்மொழிக்கு ஐந்து வயசு. போன மாதம், வலது கண்ணில் பார்வை மங்கல் என்றார் டாக்டர். நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் பட்டை ஒட்டி மூடினால் மங்கிய கண் வேலை செய்யப் பழகும், இந்த வயசில் விட்டால் அப்புறம் பார்வையை மீட்பது கஷ்டம் என்றும் சொல்லி அனுப்பினார். பட்டையைக் கண்டாலே அருள்மொழி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். இழுத்தால் கடித்தாள். கெஞ்சல், மிட்டாய் எதுவும் பலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேம்புலியும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"சோத்த கொட்டிட்டு கொட்டலன்னு பொய் சொன்னேம்மா. அதான் அம்மன் ஒரு கண்ண குத்திடுச்சி. நீ இன்னொன்னயும் மூடப் பாக்குற."

"யாரு சொன்னா உனுக்கு?"

"நைனா. அம்மன் தூங்கவே தூங்காதாம். பாத்துகினே கீதாம். பொய் சொன்னா குத்துமாம்."

வேம்புலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்துப் பார்த்து வரைந்த கண்கள். பிள்ளைக்குக் காவலாக வைத்த கண்களை போலீஸ் ஆக்கிவிட்டான் இந்த மனுஷன்.

"சும்மா சொன்னேன் மே" என்றான் அவள் புருஷன் டில்லிபாபு. "ஊர்ல எல்லாரும் சொல்றதுதான."

"அவ கண்ணு போனா ஊர்ல எல்லாரும் வந்து குடுப்பாங்களா? இன்னாய்யா பேசுற நீ?"

அவளுக்கு அவன் மேல் மட்டுமல்ல, அந்த ஊரில் எல்லார் மேலும் ஆத்திரம். நாலு வாய் சோறு ஊட்டப் பொறுமை இல்லாமல் சாமியைப் பூச்சாண்டி ஆக்குகிற சோம்பேறிகள்.

சமையலை அவன் தலையில் கட்டிவிட்டு, படம் வரைகிற டேப்லெட்டை எடுத்து உட்கார்ந்தாள். சாமியின் கண்ணை மூடுவதா என்று முதலாளி திருவேங்கடம் குதிப்பார். குதிக்கட்டும். அவள் வரைந்த படத்தில் அம்மன் கட்டிலுக்கடியில் தவழ்ந்து வந்தாள். தன் ஒரு கண்ணில் பட்டையை ஒட்டிக்கொண்டாள். "நான் யார் கண்ணையும் குத்தினதே இல்ல. உன் கண்ணு தானா மங்கிச்சு. வா, ரெண்டு பேரும் சேந்து மூடிக்கலாம்" என்றாள், வேம்புலியின் குரலில்.

அருள்மொழி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தாள்.

"நைனா, அப்ப நீ சொன்னது பொய்யா?"

டில்லிபாபு சிரித்து மழுப்பப் பார்த்தான். வேம்புலி விடவில்லை. "அவ மூஞ்சப் பாத்து சொல்லு."

"பொய்தாம்மா. நான்தான் பொய் சொன்னேன்."

அவ்வளவுதான், பிள்ளை ஓடிப்போய் அவன் மடியில் ஏறி, அவன் இரண்டு கண்களையும் உள்ளங்கைகளால் இறுக்கிப் பொத்தினாள்.

"குத்தாதாம் நைனா. பயப்படாத" என்றாள். ஆனாலும் கையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அப்படியே தலையை மட்டும் திருப்பி, "அம்மா, நீ எனக்கு ஒட்டு" என்றாள்.

வேம்புலி ஒட்டினாள். புருஷனோடு அன்று முழுக்க அவள் பேசவில்லை.