நட்சத்திரம் கட்டாத வருஷம்

2007 கிறிஸ்துமஸுக்கு என் அக்கா மார்கரெட் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் இல்லை, புதுத்துணி இல்லை, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. அச்சரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தான் தேவசகாயம் சிறுசேரி கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டியவர். ஆகஸ்டில் வேலை முடிந்து திரும்புகையில் லாரி மோதி இறந்தார். அதுவரை ஒவ்வொரு டிசம்பரும் சபை வாலிபர்கள் வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் அவருக்குத்தான். சிவப்பு அங்கி, ரோஸ் நிற பிளாஸ்டிக் முகமூடி, பஞ்சுத்தாடி, வயிற்றில் அக்காவின் தலையணை. கியர் போடுகிற இடது கையை ஆட்டி ஆட்டித்தான் ஆடுவார். அங்கிக்குக் கீழே அவருடைய ரப்பர் செருப்பு தெரியும். பிள்ளைகளை ஏமாற்ற முடியாது.

இந்த முறை கேரல்காரர்கள் அக்கா வீட்டு வாசலில் டிரம்மை நிறுத்தி, ஜெபம் செய்துவிட்டு நகர்ந்தார்கள். தாத்தா உள்ளே வரவில்லை. இரண்டு வீடு தள்ளி டிரம் மறுபடி கேட்டது.

"நம்ம வூட்டுக்கு மட்டும் அப்பா ஏம்மா வரலை?" என்றான் ஆறு வயது ஹேமந்த்.

அக்கா வாசல் கதவைச் சாத்தினாள்.

நான் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். மகாபலிபுரம் பக்கம் ஒரு பீச் பார்க்கில் கிறிஸ்துமஸ் கிராமம் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு, போகலாம் என்றேன்.

"துக்க வருஷத்துல ஊரு இன்னா பேசும்டா?"

"வூட்லதானக்கா கூடாது? வெளிய போனா இன்னா?"

யோசித்தாள். பழைய புடவையிலேயே வந்து காரில் ஏறினாள். வழியெல்லாம் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"மாமா, சைக்கிளே நம்மள ஓவர்டேக் பண்ணிகினு போவுது," என்றான் ஹேமந்த். நான் ஊர் வந்ததிலிருந்து அன்றுதான் அக்கா சிரித்ததைப் பார்த்தேன்.

பார்க்கில் தெர்மோகோல் பனி. சவுக்கு மரங்களில் சுற்றியிருந்த பஞ்சைக் கடற்காற்று பிய்த்து எல்லார் தலையிலும் போட்டது. பிளைவுட் மானைப் பார்த்து, "அது மாடு மாமா, கொம்பு மட்டும் புதுசு," என்றான்.

பிறகுதான் நாற்காலியில் இருந்த தாத்தாவைப் பார்த்தான். அதே ரோஸ் முகமூடி. ஹேமந்தின் கண் கீழே இறங்கியது. ரப்பர் செருப்பு.

அக்காவின் கையை விட்டுவிட்டு ஓடினான். அவன் தங்கை, நான்கு வயது பிரிசில்லா, அதற்குள் தாத்தாவின் மடியில் ஏறியிருந்தாள்.

"ஏன் வூட்டுக்கு வரலை?" என்றான் ஹேமந்த்.

"இன்னா கண்ணு?" முகமூடிக்குள்ளிருந்து வேறொரு குரல் வந்தது.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடிக் காட்டு."

தாத்தா குழந்தையை இறக்கிவிட்டு இடுப்பை மட்டும் ஆட்டினார். இடது கை சும்மா தொங்கியது. ஹேமந்த் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அந்த முகமூடியக் கொஞ்சம் கழட்டுறியா?" என்றாள் அக்கா தாத்தாவிடம்.

"வேணாங்க்கா," என்றேன்.

"எத்தினி வருஷம் தேடுவான்?"

முகமூடி மேலே ஏறியது. மீசை அரும்பிய, வியர்த்துக் கொட்டும் முகம். பிரிசில்லா கீழே உட்கார்ந்து சாக்லேட் காகிதத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். பிரித்து முடித்து நிமிரப் போனாள்.

"மாட்டிக்கோ அண்ணாத்த," என்றான் ஹேமந்த். "பாப்பா பாக்கப்போறா."

திரும்பும்போது, "அப்பா ரெண்டு சாக்லேட் குடுத்தாரு," என்றாள் பிரிசில்லா.

"ஆமா," என்றான். "ஒண்ணு எனக்கு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செங்கல்பட்டு வரும்வரை திரும்பவில்லை.

அடுத்த டிசம்பரில் நட்சத்திரம் கட்டினார்கள். கேரல் அன்று அத்தானின் ரப்பர் செருப்பைக் காணோம் என்று வீடெல்லாம் தேடியதை அக்கா போனில் சொன்னாள். டிரம் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனால், ஆடுகிற தாத்தாவின் காலில் அது இருந்தது. அளவு பெரிது, தாத்தா தடுமாறித் தடுமாறி ஆடினாராம். ஹேமந்த் பக்கத்திலேயே நின்று, "கைய ஆட்டு, அந்தக் கைய இல்ல, இடது கைய," என்று மெல்லச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தானாம்.